மோலோகாய் தீவில் வாடகை வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

செண்பகம்_77

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரியில் ஹவாயில் உள்ள மாவி தீவுக்குப் போகிறோம். அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு, கூட்டம் இல்லாத இடமாக மோலோகாயில் சில நாள் தங்கலாம் என்று யோசனை. நான், கணவர், பத்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, நடப்பார், ஆனால் மெதுவாகத்தான்.

எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். மாவியிலிருந்து படகு இருக்கிறதா? தீவுக்குள் ஊபர் கிடைக்குமா? பேருந்து ஓடுகிறது என்று எங்கேயோ படித்தேன், அதை நம்பலாமா? கணவருக்கு மலைப்பாதையில் ஓட்டுவது பிடிக்காது. வண்டி எடுக்காமலே முடிந்தால் நல்லது. கலாவுபாபாவுக்கு இறங்கிப் போகும் பாதையில் மகளைக் கூட்டிப்போக முடியுமா என்றும் சொல்லுங்கள்.

ஹொனலுலு_பாண்டியன்

செண்பகம், முதலில் படகு விஷயம். மாவியின் லஹைனாவிலிருந்து மோலோகாயின் முக்கிய ஊரான கௌனகாகாயின் துறைக்கு ஓடிக்கொண்டிருந்த படகு 2016-இலேயே நின்றுவிட்டது. பழைய பயணக் கட்டுரைகளில் இன்னும் அதைப் பற்றி எழுதியிருக்கும், நம்பாதீர்கள். இப்போது விமானம் ஒன்றுதான் வழி. ஹவாயியன் ஏர்லைன்ஸின் கிளைச் சேவையும் 2021-இல் மோலோகாயை விட்டுவிட்டது. பெரும்பாலும் 9 பேர் உட்காரும் செஸ்னா கேரவன் விமானத்தில்தான் போவீர்கள். மாவியின் கஹுலுயிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

ஊபர் என்று நம்பி இறங்க வேண்டாம். டாக்ஸி ஒன்றிரண்டு இருக்கும், முன்கூட்டியே பேசி வைத்தால் வரும். தீவு கிழக்கு மேற்காக 38 மைல், வடக்கு தெற்காக 10 மைல். 7,000 பேருக்குச் சற்று மேல் வாழ்கிறார்கள். போக்குவரத்து விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. மோலோகாயின் பெரும்பகுதி மாவி கவுண்டியில்தான் (மாவட்டம் மாதிரி) சேர்ந்தது, ஆனால் மாவியைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டால் ஒன்றுமே பொருந்தாது.

என் கருத்து: அம்மாவும் குழந்தையும் வருகிறார்கள் என்றால் வண்டி எடுங்கள். விமானச் சீட்டு போடுவதற்கு முன்பே வண்டியைப் பதிவு செய்யுங்கள். தீவில் வாடகை வண்டிகள் கொஞ்சம்தான். தீர்ந்துவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

சைக்கிள்_சரவணன்

பாண்டியன் சார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் வண்டி இல்லாமல் முடியவே முடியாது என்பதை ஏற்க மாட்டேன். நானும் என் நண்பரும் கௌனகாகாயில் தங்கி சைக்கிளிலேயே சுற்றினோம். ஊரிலிருந்து கிழக்கே போகும் 450-ஆம் நெடுஞ்சாலை கடலோரமாகவே போகிறது, முதல் இருபது மைல் கிட்டத்தட்ட சமதளம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பழைய மீன் வளர்ப்புக் குளங்கள். கடலுக்குள் அரைவட்டமாகக் கருங்கல் சுவர் கட்டி, மதகு வைத்து, சின்ன மீன் உள்ளே வரவும் வளர்ந்த மீன் வெளியே போகாமல் இருக்கவும் செய்திருக்கிறார்கள். பல நூறு வருடம் பழையவை. தெற்குக் கரையில் இப்படி அறுபதுக்கு மேல் இருந்திருக்கின்றன. வண்டியில் போகிறவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். சைக்கிளில் போனால் நின்று, இறங்கி, அந்தச் சுவரில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

பேருந்தும் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் வார நாட்களில் ஓட்டுகிறது, கட்டணம் கிடையாது. கிழக்கே, மேற்கே, ஹோவோலேஹுவா பக்கம் எல்லாம் போகும்.

ஹொனலுலு_பாண்டியன்

சரவணன், நீங்கள் சொன்னது உங்களுக்குச் சரி. இவர்கள் நான்கு பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. அந்தப் பேருந்து அந்த ஊர்க்காரர்கள் வேலைக்கும் மருத்துவரிடமும் கடைக்கும் போய்வர ஓடுவது. ஒரு நாளைக்குச் சில தடவைதான். ஹாலாவா பள்ளத்தாக்கு வரையோ, மேற்கே பாபோஹாகு கடற்கரை வரையோ அதில் போய், பார்த்துவிட்டு, அன்றே திரும்புவது நடக்காது. வயதான உள்ளூர்க்காரர் மருந்து வாங்கப் போகிற வண்டியில் நாம் நான்கு பேர் துண்டும் குடையுமாக இடத்தை அடைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சைக்கிள்_சரவணன்

கடைசியில் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஒரு நாளாவது வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குள் நடக்கச் சொல்வேன். கௌனகாகாயின் முக்கியத் தெரு, ஆலா மாலமா, முழுவதையும் அம்மாவே மெதுவாக நடந்து முடித்துவிடலாம்.

செண்பகம்_77

இருவருக்கும் நன்றி. சரி, வண்டி எடுத்துவிடுகிறோம். அந்தச் சின்ன விமானத்தைப் பற்றித்தான் இப்போது கவலை. அம்மா பயப்படுவார். ஏறுவதற்குப் படி எப்படி இருக்கும்? எடை கேட்பார்களாமே?

கலைவாணி_சாக்ரமெண்டோ

என் மாமியாரைக் கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன். எடை கேட்பார்கள், சில சமயம் தராசில் ஏறி நிற்கவும் சொல்வார்கள். விமானம் சின்னது, யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான்கு பேர் எதிரில் கேட்கிறார்களே என்று அத்தைக்குக் கூச்சம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அது இருந்திருக்காது, அதனால் உங்கள் அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்து பதிவு செய்தாலும் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியும் என்று சொல்ல முடியாது. மகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

படி: விமானத்தின் பின்பக்கக் கதவைத் திறந்தால் குறுகலான படி இறங்கும். உயரம் அதிகம் இல்லை, ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்தே இருக்கைக்குப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட அந்தக் குனிந்த நடைதான் சிரமம். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஊழியர்கள் கை கொடுத்து ஏற்றினார்கள்.

தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் கிடையாது. பெரிய சக்கரப் பெட்டிகளை மாவியிலேயே எங்காவது வைத்துவிட்டு, மெத்தென்ற பைகளில் துணி எடுத்துப் போவது நல்லது. இன்னொன்று, இந்த விமானங்கள் காற்றாலோ வேறு காரணத்தாலோ தள்ளிப்போவது உண்டு. மோலோகாயிலிருந்து கிளம்பும் அன்றே கலிபோர்னியா விமானம் பிடிப்பது போல் திட்டம் போடாதீர்கள். நடுவில் ஒரு இரவு மாவியிலோ ஹொனலுலுவிலோ இருக்கட்டும்.

ஆனால் பறப்பது இருக்கிறதே, அத்தை இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார். தாழ்வாகப் பறக்கும். பிப்ரவரி என்றால் கீழே கடலில் திமிங்கலம் மூச்சு விடுவது வெள்ளைப் புகையாகத் தெரிய வாய்ப்பு உண்டு. ஹொனலுலு போகும் வழியில் சில நேரம் வடக்குக் கரையோரமாகப் போவார்கள். 3,000 அடிக்கு மேல் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறைச் சுவர் அது. அதைப் பார்க்க ரோடு கிடையாது. விமானத்திலிருந்தோ படகிலிருந்தோதான் பார்க்க முடியும்.

ராகவன்_எம்

கணவருக்கு மலைப்பாதை பிடிக்காது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ரோடுகளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்.

விமான நிலையம் தீவின் நடுவில், ஹோவோலேஹுவாவில். அங்கிருந்து கௌனகாகாய் 7 மைல், நல்ல ரோடு, கால் மணி நேரம். மேற்கே மௌனலோவாவுக்குப் போகும் 460-ஆம் நெடுஞ்சாலையும் சுலபம். அதிலிருந்து பிரிந்து கடற்கரைக்கு இறங்கினால் பாபோஹாகு, சுமார் 3 மைல் நீளத்துக்கு மணல். வார நாளில் போனால் உங்கள் காலடித் தடம் மட்டும்தான் இருக்கும். பிப்ரவரியில் அங்கே கடலில் இறங்க வேண்டாம். அலை பெரியது, இழுப்பு அதைவிட மோசம், உயிர்காப்பாளர் கிடையாது. வடக்கே 470 பிரிந்து பாலாவு பூங்காவில் முடிகிறது. ஏற்றம்தான், ஆனால் அகலமான ரோடு.

கிழக்குதான் கவனிக்க வேண்டியது. கௌனகாகாயிலிருந்து ஹாலாவா 27 மைல்தான், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இருபதாவது மைல்கல் வரை ஒன்றும் இல்லை. அங்கே குமிமி கடற்கரை, பாறைத்தடுப்பு உள்ளதால் அமைதியான நாளில் குழந்தை கால் நனைக்கலாம். அதற்கு அப்புறம் ரோடு ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகிவிடும். வலப்பக்கம் கடல், தடுப்புச்சுவர் எதுவும் இல்லாத இடங்கள் உண்டு. இடப்பக்கம் பாறை. முனை திரும்பும்போது எதிரே வருவது தெரியாது. ஹாரன் அடித்துவிட்டு, நடக்கிற வேகத்தில் திரும்ப வேண்டும். எதிரே வண்டி வந்தால், யாருக்கு ஒதுங்க இடம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் பின்வாங்கி ஒதுங்குவார். வழி விட்டவருக்குக் கை தூக்கிக் காட்டுவார்கள். நீங்களும் காட்டுங்கள். அப்புறம் ரோடு கடலை விட்டு மேலே ஏறி, மாடு மேயும் புல்வெளி வழியாகப் போய், கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். கடைசி வளைவுகளுக்கு முன்னால் ஒரு பார்வையிடம் வரும், அங்கிருந்தே பள்ளத்தாக்கும் தூரத்தில் அருவியும் தெரியும். உங்கள் கணவருக்குத் தயக்கமாக இருந்தால் இருபதாவது மைல்கல்லோடு திரும்பிவிடலாம், அதுவரை வந்ததே நிறைவான பயணம்தான்.

ஹாலாவாவில் அருவி வரை நடக்க ஆசைப்பட்டால், அது தனியார் நிலம் வழியாகப் போகும் பாதை. அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த வழிகாட்டியோடு முன்பதிவு செய்துதான் போக வேண்டும். அம்மாவுக்குச் சரிவராது, ஆற்றைக் கடக்க வேண்டும்.

மின்னல்_ரசிகன்

நாங்கள் நான்கு சக்கர உந்து உள்ள வண்டி எடுக்கப் போகிறோம். காமகோ மழைக்காட்டுக்கு அதிலேயே ஏறிவிடலாம் என்கிறார்கள். செண்பகம் அவர்களும் அப்படியே செய்யலாமே?

ஹொனலுலு_பாண்டியன்

அவசரப்பட வேண்டாம், தம்பி. அந்த மண் ரோடு சுமார் 10 மைல். காய்ந்திருக்கும்போதே மேடு பள்ளம், ஒரு மழை பெய்தால் செம்மண் சேறாகிவிடும். காமகோ சிகரம் 4,961 அடி, தீவிலேயே உயரமானது. மழை மேகம் வந்து நிற்கும் இடமே அதுதான். கீழே கௌனகாகாயில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து மேலே எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

வாடகை ஒப்பந்தத்தையும் படியுங்கள். நான்கு சக்கர உந்து கொடுத்திருந்தாலும், தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். மாட்டினால் காப்பீடும் கை கொடுக்காது. சேற்றில் அச்சு வரை புதைந்து நின்ற வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இழுத்துவர ஒரு உள்ளூர்க்காரர் தன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு பாதி நாளைச் செலவழித்தார். அவருக்கும் வேலை இருக்கிறது. காடு பார்க்க வேண்டுமென்றால் அதைப் பராமரிக்கும் அமைப்பு எப்போதாவது வழிகாட்டியோடு கூட்டிப்போகும் நடைகளில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

தேன்மொழி_வி

ராத்திரி ஓட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊரைத் தாண்டினால் தெருவிளக்கு கிடையாது. ரோட்டில் மான் வரும். ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக. நம் ஊர்க் காடுகளில் இருக்கிற அதே புள்ளிமான்தான். 1868-இல் ஹாங்காங்கிலிருந்து ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்குப் பரிசாக வந்தது. இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, பெருகிவிட்டது. காட்டின் அடியில் உள்ள செடிகளைத் தின்றுவிடுகிறது, மண் கரைந்து மழையில் கடலுக்குப் போகிறது, பவளப்பாறை மூடுகிறது. அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் வேட்டையாடிச் சாப்பிடுகிறார்கள். அங்கே நிறைய வீடுகளில் கடைக் கறியைவிட மான்கறிதான் அன்றாடச் சமையல்.

என் கணவர் முதுமலையில் ராத்திரி ஓட்டிப் பழகியவர், அவரே இங்கே இருட்டிய பிறகு மேற்குப் பக்கம் 30 மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒன்று தாண்டினால் உடனே வேகம் எடுக்கக் கூடாது, பின்னால் இன்னும் நாலு நிற்கும். மேற்குக் கரையில் தங்கினால் சாயங்காலமே திரும்பிவிடும்படி பாருங்கள். என்னைக் கேட்டால் கௌனகாகாய்க்குப் பக்கத்தில் தங்குவது உங்களுக்கு வசதி. கடையும் பெட்ரோலும் அங்கேதான்.

செண்பகம்_77

புள்ளிமான் கதையை அம்மாவிடம் சொன்னேன், அவருக்கு ஒரே ஆச்சரியம். மேற்குக் கரையில் ஒரு அடுக்ககம் மலிவாகக் கிடைத்தது, இதைப் படித்த பிறகு கௌனகாகாய் பக்கமே பார்க்கிறோம். கலாவுபாபா பற்றி யாராவது சொல்ல முடியுமா?

அருட்செல்வன்_ஜே

சகோதரி, நான் சொல்கிறேன். கலாவுபாபா அந்தப் பெரிய பாறைச் சுவரின் கீழே, கடலுக்குள் நீண்டிருக்கும் தட்டையான நிலம். 1866 முதல் 1969 வரை ஹன்சன் நோய் (தொழுநோய்) வந்தவர்களைச் சட்டப்படி பிடித்துக்கொண்டு போய் அங்கே விட்டார்கள். சுமார் 8,000 பேர். குழந்தைகளும் உண்டு. பின்னால் மலைச்சுவர், முன்னால் கடல், எங்கும் போக முடியாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். பெல்ஜியத்திலிருந்து வந்த தமியான் அடிகளார் 1873-இல் அங்கே போனார், வீடு கட்டினார், புண்ணைக் கழுவினார், சவப்பெட்டி செய்தார், அவருக்கும் அந்த நோய் வந்து 1889-இல் இறந்தார். 2009-இல் புனிதர் பட்டம். 1888-இல் வந்து 30 ஆண்டு பணியாற்றிய அருட்சகோதரி மரியான் கோப் 2012-இல் புனிதரானார்.

மேலிருந்து இறங்கும் பாதையில் 26 திருப்பங்கள். 2018 டிசம்பரில் மண் சரிந்து அது மூடப்பட்டது. கொரோனா வந்தபோது சுற்றிக் காட்டுவதையும் நிறுத்தினார்கள். இப்போதைய நிலையைத் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அனுமதி இல்லாமல் போகக் கூடாது, 16 வயதுக்குக் கீழே யாரையும் விடமாட்டார்கள். அதனால் மகளோடு போக முடியாது.

ஆனால் பாலாவு பூங்காவிலிருந்து கலாவுபாபா முழுவதும் கீழே தெரியும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், அம்மாவும் வரலாம். காலையில் போங்கள், மத்தியானம் மேகம் மூடிவிடும். கிழக்கு ரோட்டிலும் தமியான் கட்டிய இரண்டு கோவில்கள் இருக்கின்றன: கமாலோவில் 1876-இல் கட்டிய சின்ன புனித சூசையப்பர் கோவில், அதற்கு அப்பால் 1874-இல் கட்டிய வியாகுல மாதா கோவில். இரண்டும் ரோட்டோரம்தான்.

நிலா_மகள்

இழை முழுவதும் எப்படிப் போவது என்றே பேசுகிறோம். போகலாமா என்றும் கேட்க வேண்டும் இல்லையா? மோலோகாய் மக்கள் சுற்றுலாவை விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி வருகிறார்கள். கப்பல்கள் வருவதை எதிர்த்திருக்கிறார்கள். தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் ஒரே பண்ணை நிறுவனத்தின் கையில், அதன் உரிமையாளர்கள் வெளிநாட்டில். மேற்கே லாவு முனையில் பணக்காரர்களுக்கு 200 மனை போட அந்த நிறுவனம் திட்டமிட்டது, மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2008-இல் நிறுவனம் விடுதி, கோல்ஃப் மைதானம், திரையரங்கு எல்லாவற்றையும் மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோருக்கு வேலை போனது. அப்படி ஒரு விலை கொடுத்தும் நிலத்தை விடவில்லை இவர்கள். அங்கே போய் நாம் ஓய்வு எடுப்பது சரியா?

ஹொனலுலு_பாண்டியன்

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த மோலோகாய்க்காரர்கள் எதிர்ப்பது பெரிய விடுதியையும் கூட்டத்தையும்தான். நான்கு பேர் வந்து, உள்ளூர்க்காரரிடம் தங்கி, உள்ளூர்க் கடையில் வாங்கிச் சாப்பிட்டுப் போவதை யாரும் எதிர்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை உற்றுப் பார்ப்பார்கள், அது முக்கியமாக ரோட்டில்தான் தெரியும். பின்னால் வண்டி வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். கதவோ சங்கிலியோ கபு (உள்ளே வரக் கூடாது) என்ற பலகையோ இருந்தால் அதற்கு அப்பால் கால் வைக்க வேண்டாம். மீன்குளச் சுவரின் மேல் ஏறி நடக்க வேண்டாம். பழைய வழிபாட்டு மேடைகள் பல தனியார் நிலத்தில் இருக்கின்றன, கேட்காமல் நுழைய வேண்டாம்.

நிலா_மகள்

உங்கள் பதிலில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வாடகைக்கு வீடு எடுப்பதிலும் கவனம் வேண்டும். உள்ளூர்க்காரர் குடியிருக்க வேண்டிய வீடு விடுமுறை வாடகைக்குப் போவது அங்கே பெரிய பிரச்சினை. அனுமதி பெற்ற இடமா என்று பார்த்து எடுங்கள், செண்பகம்.

கலைவாணி_சாக்ரமெண்டோ

சாப்பாட்டுக்கும் இரண்டு வரி. ஊரில் மளிகைக் கடைகள் உண்டு, ஆனால் பொருள் எல்லாம் சரக்குப் படகில் வருவதால் விலை கூடுதல், சில நாள் அலமாரி காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அரிசி கிடைக்கும், பருப்பும் புளியும் மாவியிலிருந்தே எடுத்துப்போங்கள். கனேமிட்சு பேக்கரியில் ராத்திரி பின்சந்து வழியாகச் சுடச்சுட ரொட்டி தருவது பேர்போனது, வெண்ணெயோ இலவங்கப்பட்டையோ ஜாமோ தடவித் தருவார்கள். எந்தெந்த நாள் என்று பகலில் கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடும் அத்தைக்கு அந்த ரொட்டி ரொம்பப் பிடித்துவிட்டது.

கிழக்கே போகும் நாள் தண்ணீரும் சாப்பாடும் வண்டியில் இருக்கட்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இருந்தால் ஊரிலேயே நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

செண்பகம்_77

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம்: கௌனகாகாய் பக்கம் அனுமதி பெற்ற அடுக்ககம், சின்ன கார். ஒரு காலை பாலாவு, ஒரு நாள் கிழக்கே இருபதாவது மைல்கல் வரை, கோவில்களைப் பார்த்துக்கொண்டே. கணவருக்கு மனம் இருந்தால் ஹாலாவா பார்வையிடம் வரை. திரும்பும்போது மாவியில் ஒரு இரவு. மேற்கே பாபோஹாகு பகலில் மட்டும். மகள் ஒன்று கேட்கிறாள்: தேங்காயைத் தபாலில் அனுப்பலாமாமே, உண்மையா?

தேன்மொழி_வி

உண்மைதான். ஹோவோலேஹுவா தபால் நிலையத்தில் உரிக்காத தேங்காய்கள் வைத்திருப்பார்கள். தேங்காய்க்குக் காசு இல்லை. அங்கேயே இருக்கும் பேனாக்களால் படம் வரைந்து, முகவரி எழுதி, எடைக்குத் தபால் செலவு கட்டினால் அப்படியே அனுப்பிவிடுவார்கள், பெட்டி எதுவும் வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கம்தான், பாலாவு போகிற அன்று சேர்த்துப் பார்த்துவிடலாம். வார நாளாகப் பார்த்துப் போங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து. வரைய உங்கள் மகளுக்கு ஒரு அரை மணி நேரமாவது வேண்டும்.